ஜான் டே (1522–1584): டியூடர் காலத்து லண்டன் அச்சகத்தார் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் டே யார்? அவரை ஏன் அறிந்துகொள்ள வேண்டும்?

ஜான் டே 16ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த அச்சகத்தார், புத்தக வணிகர், ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்னும் தொழிற்குழுவின் உறுப்பினர். 1580இல் அந்தக் குழுவின் தலைமைப் பொறுப்பான மாஸ்டர் பதவியையும் வகித்தவர். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, முதலாம் எலிசபெத் என்று அடுத்தடுத்து வந்த ஆட்சிகளில், நாட்டின் மதமே தலைகீழாக மாறி மாறிப் புரண்ட காலத்தில், தொழிலை விடாமல் நடத்தியவர். இங்கிலாந்தில் அதுவரை அச்சான புத்தகங்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றான ஜான் ஃபாக்ஸின் இரத்தசாட்சிகள் வரலாற்றை வெளியிட்டவர் என்பதால் வரலாற்று நூல்களில் அவர் பெயர் இடம்பெறுகிறது. ஆனால் அவருடைய செல்வம் அந்தப் பெரும் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. குழந்தைகள் படித்த அரிச்சுவடியும், தேவாலயங்களில் பாடப்பட்ட, பைபிளின் சங்கீதங்கள் என்னும் துதிப்பாடல்கள் அடங்கிய புத்தகமும்தான் அவருக்குச் சோறு போட்டன. அவற்றை வேறு எவரும் அச்சிடக் கூடாது என்ற அரச உரிமையும், அந்த உரிமையைக் காக்கும் கில்டு (தொழிற்குழு) அதிகாரமும் அவர் கையில் இருந்தன. அவருடைய வாழ்க்கையை இந்த ஏற்பாட்டின் வரலாறாகப் படிப்பதே சரி என்று தோன்றுகிறது.

ஸ்டேஷனர் என்றால் யார்? ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்பது என்ன?

அச்சு இயந்திரம் இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பே, லண்டனில் செயிண்ட் பால் பேராலயத்தைச் சுற்றி நிலையான கடை போட்டு, கையெழுத்துப் பிரதிகளை எழுதியும் ஓவியம் தீட்டியும் புத்தகமாகக் கட்டியும் விற்றவர்கள் ஸ்டேஷனர்கள் எனப்பட்டனர். 1403 முதல் அவர்களுக்கென ஒரு கில்டு இருந்தது. அச்சு வந்தபின் அச்சிடுவோர், விற்போர், புத்தகம் கட்டுவோர் எல்லோரும் அதே கூரையின் கீழ் வந்தனர். இன்று எழுதுபொருள் கடையைக் குறிக்கும் பொருளில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது.

லண்டனில் சொந்தமாகத் தொழில் செய்ய ஏதேனும் ஒரு கில்டின் உறுப்பினராகி, நகரக் குடியுரிமை பெற்றாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருந்தன. குறைந்தது ஏழு ஆண்டுகள் ஓர் ஆசானிடம் பயிற்சியாளராக இருந்து தேறுவது பெரும்பாலோர் வந்த வழி. உறுப்பினரின் மகனாகப் பிறந்து அந்த உரிமையில் சேர்வது இன்னொன்று. பணம் கட்டிச் சேர்வது மூன்றாவது. ஒரு கில்டில் சேர்ந்தவர் வேறு தொழிலையும் செய்யலாம் என்பது லண்டன் நகரத்து வழக்கம். துணி வணிகர் கில்டைச் சேர்ந்தவர் புத்தகம் விற்பதும், மீன் வணிகர் கில்டைச் சேர்ந்தவர் அச்சுக்கூடம் நடத்துவதும் இதனால்தான் சாத்தியமாயின. பின்னாளில் டேக்குத் தலைவலியாக வந்ததும் இந்த வழக்கமே.

அவர் எங்கே பிறந்தார்? அச்சுத் தொழிலுக்கு எப்படி வந்தார்?

1562ஆம் ஆண்டிட்ட அவருடைய உருவப்படத்தில் வயது 40 என்று பொறித்திருப்பதால், அவர் 1522 வாக்கில் பிறந்தவர் எனக் கணக்கிடுகிறார்கள். சஃபோக் மாவட்டத்தில் கடல் அரித்துக்கொண்டிருந்த டன்விச் என்ற துறைமுக ஊரே அவருடைய சொந்த ஊர் என்று நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. 1540 வாக்கில் அவர் லண்டனில் இருந்தார். மருத்துவரும் அச்சகத்தாருமான தாமஸ் ரேனால்டிடம் வேலை பார்த்தவர் என்று ஒரு வழக்கு ஆவணம் அவரைக் குறிப்பிடுகிறது.

அவர் முதலில் சேர்ந்தது ஸ்டேஷனர்கள் கில்டில் அல்ல. வில்லுக்கு நாண் திரிப்பவர்களின் சிறிய கில்டில் உறுப்பினராகி, அந்த உறுப்பினர் உரிமையை வைத்துக்கொண்டே அச்சுக்கூடம் தொடங்கினார். 1550 வாக்கில்தான் ஸ்டேஷனர்களிடம் மாறிவந்தார். வேறு கில்டின் வாசல் வழியாகத் தொழிலுக்குள் நுழைந்தவர், பிற்காலத்தில் அதே வாசல் வழியாக வந்தவர்களைக் கடுமையாக எதிர்த்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆறாம் எட்வர்டின் காலத்தில் அவர் என்ன அச்சிட்டார்?

1547இல் எட்வர்ட் சிறுவனாக அரியணை ஏறியதும் புராட்டஸ்டண்ட் எழுத்துக்கு இருந்த தடைகள் தளர்ந்தன. லண்டன் அச்சுக்கூடங்கள் சின்னஞ்சிறு சமய நூல்களைக் குவித்தன. டே அப்போது வில்லியம் செரெஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, ஹோல்பர்ன் நீர்த்தொட்டிக்கு அருகில், உயிர்த்தெழுதல் படம் தீட்டிய பலகை தொங்கிய கடையில் தொழில் நடத்தினார். கத்தோலிக்கத் திருப்பலியைத் தாக்கும் கையடக்கப் பிரசுரங்களே அவர்களின் முதன்மைச் சரக்கு. 1549இல் ஒரு முழு பைபிளையும் அச்சிட்டனர். சுமார் 1550இல் கூட்டு பிரிந்தது. அதற்குள் டே நகரச் சுவரை ஒட்டிய ஆல்டர்ஸ்கேட் பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தார். இறுதிவரை அதுவே அவருடைய வீடும் அச்சுக்கூடமும்.

இந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை, அரண்மனைக் காவற்படையைச் சேர்ந்த எட்வர்ட் அண்டர்ஹில் என்பவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1548இல் லூக் ஷெப்பர்ட் எழுதிய ஓர் அங்கதக் கவிதையை டே அச்சிட்டார். திவ்விய நற்கருணைத் திருநாளைப் பற்றி ஒரு உழவனும் ஒரு குருவானவரும் பேசிக்கொள்வதாக அமைந்த அந்தச் சிறு நூலில், உழவனின் வெகுளிக் கேள்விகளுக்கு முன் குருவானவர் திணறுவார். லண்டன் மேயர் சர் ஜான் கிரெஷாம் ஆத்திரமடைந்து, அச்சிட்டவனைப் பிடித்துவரச் செய்தார். அன்று மேயரின் பந்தியில் விருந்தினராக உட்கார்ந்திருந்த அண்டர்ஹில், “அது நல்ல புத்தகமாயிற்றே, என்னிடமே ஒன்று இருக்கிறது, அரண்மனையில் பலரிடம் இருக்கிறது” என்ற பொருளில் சொல்லி, தம்மிடமிருந்த பிரதியை நீட்டினார். மேயர் சில வரிகள் படித்துவிட்டுச் சிரித்துவிட்டார். பக்கத்து மேசையில் தம் கதி என்னவோ என்று காத்திருந்த டே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் காலத்தில் அச்சுத் தொழிலுக்கு எழுத்தும் மையும் எவ்வளவு தேவையோ, அவ்வளவுக்கு மேலிடத்து மனிதர்களின் தயவும் தேவைப்பட்டது.

ராணி மேரியின் ஆட்சியில் அவருக்கு என்ன நேர்ந்தது?

1553 ஜூலையில் கத்தோலிக்கரான மேரி அரசியானார். பல புராட்டஸ்டண்ட் அச்சகத்தார் கடல் கடந்து ஓடினர், அல்லது தொழிலைச் சுருக்கிக்கொண்டனர். டே லண்டனை விட்டு விலகி, லிங்கன்ஷயரில் ஸ்டாம்ஃபோர்டுக்கு அருகே, எட்வர்டின் ஆட்சியில் அரசுச் செயலாளராக இருந்த வில்லியம் செசிலுக்குச் சொந்தமான நிலத்தில் ரகசிய அச்சுக்கூடம் ஒன்றை நடத்தினார் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அங்கிருந்து வெளிவந்த பிரசுரங்களில், பிரான்ஸிலுள்ள ரூவான் நகரத்து ‘மைக்கேல் வுட்’ அச்சிட்டதாகப் பொய்ப் பெயர் போடப்பட்டிருந்தது. வின்செஸ்டர் பிஷப் ஸ்டீஃபன் கார்டினர், போப்பின் அதிகாரத்தை மறுத்து எட்டாம் ஹென்றி காலத்தில் தாமே எழுதிய லத்தீன் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவற்றுள் ஒன்று. அதே கார்டினர் இப்போது மேரியின் முதன்மை அமைச்சராக இருந்து போப்பை மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தார். எனவே இதைவிட நறுக்கென்ற அரசியல் தாக்குதல் இருந்திருக்க முடியாது.

1554 அக்டோபரில் டே பிடிபட்டு லண்டன் டவரில் அடைக்கப்பட்டார். ‘கெட்ட புத்தகங்கள்’ அச்சிட்டதற்காக ஒரு வேலையாள், ஒரு குருவானவர், இன்னொரு அச்சகத்தார் ஆகியோருடன் அவர் கொண்டுபோகப்பட்டார் என்று ஹென்றி மேச்சின் என்ற லண்டன் வணிகர் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பின்னர் எரித்துக் கொல்லப்பட்ட புராட்டஸ்டண்ட் போதகர் ஜான் ராஜர்ஸ், சிறையில் தம்முடன் இருந்த ‘இந்தப் புத்தகத்தின் அச்சகத்தாரிடம்’, இந்த மதம் மாறுவதை நீர் உயிரோடு இருந்து காண்பீர் என்று சொன்னதாக ஃபாக்ஸ் எழுதுகிறார். அந்த அச்சகத்தார் டேதான்.

விடுதலையான பின் டே லண்டனிலேயே அடக்கமாகத் தொழில் செய்தார். கத்தோலிக்கச் செபப் புத்தகங்களை வேறொரு உரிமையாளருக்காக அச்சிட்டுக் கொடுத்தவர் அவரே என்று எழுத்துகளையும் அலங்காரக் கட்டைகளையும் ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். பின்னாளில் புராட்டஸ்டண்ட் வீரராகப் போற்றப்பட்டவர் இதைச் செய்திருப்பாரா என்று சிலர் வியக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள், கூலிக்கு ஆட்கள், சும்மா கிடக்கும் அச்சு இயந்திரம் என்று இருக்கும்போது அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1557ஆம் ஆண்டுப் பட்டயம் ஏன் முக்கியமானது?

1557 மே 4 அன்று மேரியும் அவர் கணவர் பிலிப்பும் ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு அரச பட்டயம் வழங்கினர். அதில் 97 உறுப்பினர்களின் பெயர்கள் உள்ளன. டேயின் பெயரும் அவற்றுள் ஒன்று. முதல் மாஸ்டர் தாமஸ் டாக்ரே. கம்பெனி உறுப்பினரோ அரச அனுமதி பெற்றவரோ அல்லாத எவரும் நாட்டில் எங்கும் அச்சிடக் கூடாது. மீறுவோரின் அச்சுக்கூடங்களில் கம்பெனி நுழைந்து தேடலாம், புத்தகங்களைப் பறிமுதல் செய்யலாம். குற்றவாளிக்கு மூன்று மாதச் சிறையும் 100 ஷில்லிங் அபராதமும் உண்டு என்று பட்டயம் கூறியது.

மதத்துக்கு விரோதமான எழுத்தைத் தடுப்பதே அரசியின் நோக்கம். கம்பெனியின் நோக்கமோ வியாபாரத்தைத் தன் கைக்குள் வைத்திருப்பது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திப்போயின. 1559இல் எலிசபெத்தும் அதே பட்டயத்தை உறுதிசெய்தார். ஓர் உறுப்பினர் தாம் வெளியிடப்போகும் நூலைக் கட்டணம் கட்டிக் கம்பெனியின் பதிவேட்டில் எழுதிவிட்டால், வேறு உறுப்பினர்கள் அதை அச்சிட முடியாது. இந்த உரிமை பதிந்த ஸ்டேஷனருக்கே உரியது. நூலாசிரியருக்கு இதில் பங்கு இல்லை.

அரச உரிமைகள் என்றால் என்ன? டேயிடம் எவை இருந்தன?

பதிவேட்டு உரிமை நூலுக்கு நூல் வருவது. அதற்கு மேல், ஒரு வகைப் புத்தகம் முழுவதையும் ஒருவர் மட்டுமே அச்சிடலாம் என்று அரசர் முத்திரையிட்டு வழங்கும் தனியுரிமை ஒன்று இருந்தது. சட்டப் புத்தகங்கள் எல்லாம் ரிச்சர்ட் டாட்டெலுக்கு. செபப் புத்தகங்கள் டேயின் பழைய கூட்டாளி செரெஸுக்கு. 1577 முதல் பைபிள் கிறிஸ்டோபர் பார்க்கருக்கு. டேயிடம் இருந்தவை இரண்டு பொற்குடங்கள்: அரிச்சுவடியோடு சேர்ந்த சிறு ஞானோபதேச வினாவிடை, இசைக்குறியோடு கூடிய செய்யுள் சங்கீதங்கள்.

1553 மார்ச்சில் பிஷப் ஜான் போனெட்டின் வினாவிடையை ஆங்கிலத்தில் அச்சிடும் உரிமை அவருக்குக் கிடைத்தது. லத்தீன் பதிப்பு ரெய்னர் வுல்ஃபுக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. மேரி வந்ததும் அது பயனற்றுப்போயிற்று. எலிசபெத்தின் ஆட்சியில் 1559இல், வில்லியம் கன்னிங்ஹாமின் உலகவியல் நூலை அச்சிடுவதற்காக வழங்கப்பட்ட உரிமை வாழ்நாள் முழுமைக்கும் நீடித்தது. தம் செலவில் தயாரிக்கும் பிற நூல்களுக்கும் ஏழாண்டுப் பாதுகாப்பு கிடைத்தது. சங்கீதங்களும் அரிச்சுவடியும் அவர் கைக்கு வந்தது இதைத் தொடர்ந்துதான். ஒரு காலத்தில் தம் நிலத்தில் ரகசியமாக அச்சிட இடம் தந்த வில்லியம் செசில் இப்போது அரசியின் முதன்மைச் செயலாளர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தாமஸ் ஸ்டெர்ன்ஹோல்டும் ஜான் ஹாப்கின்ஸும் மற்றவர்களும் செய்யுளாக்கிய சங்கீதங்கள் முழுவதும் 1562இல் ஒரே தொகுப்பாக டேயிடமிருந்து வெளிவந்தன. ஆராதனையில் சபை முழுவதும் சேர்ந்து பாடும் வழக்கம் அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்ததால், ஆண்டுதோறும் மறுபதிப்புகள் வந்தன. அரிச்சுவடி இதைவிடச் சின்னது. ஒன்றிரண்டு தாளில் முடிந்துவிடும். எழுத்து கோர்ப்பதும் எளிது. படிக்கத் தொடங்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டும். பிள்ளைகள் கிழித்துவிடுவதால் மறுபடியும் வாங்க வேண்டும். முதல் போட்ட பணம் சில வாரங்களில் திரும்பிவிடும். ஆயிரக்கணக்கில் அச்சான இந்தச் சுவடிகளில் இன்று கிடைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. வரலாற்றாசிரியர்கள் பெரிய புத்தகங்களையே பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஃபாக்ஸின் இரத்தசாட்சிகள் நூல் எப்படி உருவானது?

மேரியின் ஆட்சியில் நாடு விட்டுச் சென்று பாசல் நகரத்து அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்த்துப் பிழைத்த ஜான் ஃபாக்ஸ், எரித்துக் கொல்லப்பட்ட புராட்டஸ்டண்டுகளின் வரலாற்றை முதலில் லத்தீனில் எழுதினார். 1559இல் தாயகம் திரும்பியபின் டேயும் அவரும் சேர்ந்து அதை ஆங்கிலத்தில் விரித்தனர். ஃபாக்ஸுக்கு வரும் கடிதங்கள் டேயின் வீட்டு முகவரிக்கே வந்த காலம் உண்டு. அச்சு ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாட்டின் பல மூலைகளிலிருந்து சிறைக் கடிதங்களும், விசாரணைக் குறிப்புகளும், கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலங்களும் வந்துகொண்டிருந்தன. அவற்றையும் சேர்த்துச் சேர்த்து நூல் பருத்தது.

1563 மார்ச் 20 அன்று வெளிவந்த முதல் பதிப்பு ஏறத்தாழ 1,800 பெரிய பக்கங்கள், ஐம்பதுக்கு மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் கொண்டது. 1570இல் இரண்டு தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பு சுமார் 2,300 பக்கங்களுக்கு வளர்ந்தது. படங்களும் நூறைத் தாண்டின. இந்த இரண்டாம் பதிப்பில் தாள் தட்டுப்பாடு டேயைப் படாதபாடு படுத்தியது. நல்ல வெள்ளைத் தாளை அப்போது இங்கிலாந்து பெரும்பாலும் பிரான்ஸிலிருந்தே வாங்கியது. உள்நாட்டில் அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்த முதல் ஆலை டார்ட்ஃபோர்டில் எழுந்ததே 1588இல்தான். கணக்கிட்டதைவிட நூல் நீண்டுவிட்டதால் பெரிய அளவுத் தாள் தீர்ந்துபோக, டே சிறிய தாள்களை ஓரத்தில் பசை போட்டு ஒட்டி, வேண்டிய அளவுக்கு நீட்டி, அதன்மேல் அச்சிட்டார். ஒட்டிய விளிம்பு தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படும் பிரதிகள் இன்றும் நூலகங்களில் உள்ளன. பணமும் நேரமும் இவ்வளவு விழுங்கும் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தாமல் முடிக்க, அரிச்சுவடியும் சங்கீதமும் வாராவாரம் கொண்டுவந்த சில்லறை வருமானம் இன்றியமையாததாக இருந்தது.

1571இல் திருச்சபைப் பேரவை, எல்லாப் பேராலயங்களிலும் பிஷப்புகளின் கூடங்களிலும் இந்த நூலை வைக்க வேண்டும் என்று விதித்தது. 1576, 1583 ஆண்டுகளில் மேலும் இரண்டு பதிப்புகளை டேயின் அச்சுக்கூடம் கொண்டுவந்தது. 1576ஆம் ஆண்டுப் பதிப்பு மட்டமான தாளில், பொடி எழுத்தில், செலவைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டது. பார்த்த மாத்திரத்தில் தெரியும். டேயின் வேலைத் தரத்தைப் புகழ்வோர் இதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை.

அவருடைய அச்சுக்கூடத்தில் யார் வேலை செய்தார்கள்?

எழுத்து கோர்ப்பவர் பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரி சேர்ப்பார். பக்கங்களை ஃபாரமாக (தாளின் ஒரு பக்கத்தில் ஒருசேர அச்சாகும் சட்டமாக) கட்டியபின் இயந்திரத்தில் இருவர் நிற்பர். ஒருவர் தோல் பந்துகளால் மை ஒற்ற, மற்றவர் நனைத்த தாளை வைத்து நெம்புகோலை இழுப்பார். இந்த வேலைகளில் தேர்ந்தவர்கள் இங்கிலாந்தில் அன்று குறைவு. ஸ்பானிய ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சி நெதர்லாந்திலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டண்ட் அகதிகளில் கைதேர்ந்த அச்சுத் தொழிலாளரும் செதுக்குக் கலைஞரும் இருந்தனர். டே அவர்களைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். அயல்நாட்டார் நான்கு பேருக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றபோது, 1568இல் ஃபாக்ஸே செசிலுக்குக் கடிதம் எழுதி டேக்கு விலக்குக் கேட்டார். உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பேராயர் மேத்யூ பார்க்கருக்கும் டேக்கும் என்ன தொடர்பு?

கேன்டர்பரிப் பேராயர் பார்க்கர் பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். ரோமை விட்டு விலகிய ஆங்கிலத் திருச்சபை ஒன்றும் புதிதல்ல, அதன் கொள்கைக்குப் பழமையான வேர் உண்டு என்று நிறுவுவது அவர் எண்ணம். அதற்காகப் பழைய ஆங்கிலத்துக்குரிய ஆங்கிலோ-சாக்ஸன் எழுத்தை அச்சில் கொண்டுவர விரும்பி, அந்த வடிவங்களை வெட்டும் பொறுப்பை டேயிடம் கொடுத்தார். 1566–67 வாக்கில் வெளிவந்த, ஆங்கிலோ-சாக்ஸன் காலத் துறவி ஏல்ஃப்ரிக்கின் உயிர்ப்புத் திருநாள் பிரசங்கத்தைக் கொண்ட சிறு நூல்தான் அந்த எழுத்தில் அச்சான முதல் புத்தகம். 1571இல் நான்கு நற்செய்திகள் அதே எழுத்தில் வந்தன. 1574இல் அரசர் ஆல்ஃபிரட்டின் வரலாற்றை வெளியிட்டபோது, இந்த எழுத்துகளை உலோகத்தில் வெட்டிய முதல் ஆள், தமக்குத் தெரிந்தவரை ஒரே ஆள், டேதான் என்று பார்க்கர் முன்னுரையில் பாராட்டினார். நூல் லத்தீனில் இருந்தும் அதைச் சாக்ஸன் எழுத்தில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்தின்மேல் அவர்களுக்கு இருந்த பிரியத்தைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சமய நூல்கள் அல்லாத வேறு எவற்றை அச்சிட்டார்?

1570 ஒன்றே போதும். அந்த ஆண்டில் ரோஜர் ஆஸ்கமின் கல்விநூல், ஃபாக்ஸின் இரண்டாம் பதிப்பு, யூக்ளிடின் வடிவியல் நூலுக்கு ஹென்றி பில்லிங்ஸ்லி செய்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்றும் அவருடைய அச்சுக்கூடத்திலிருந்து வந்தன. கணித அறிஞர் ஜான் டீ நீண்ட முன்னுரை எழுதிய அந்த யூக்ளிடில், கன உருவங்களைப் பேசும் பதினொன்றாம் பகுதியைத் திறந்தால், முக்கோணமாகவும் சதுரமாகவும் வெட்டிய தாள் துண்டுகள் படங்களின் மேல் ஒட்டியிருக்கும். வாசகர் அவற்றை விரலால் நிமிர்த்தி ஒன்றோடொன்று சாய்த்தால், தட்டையான பக்கத்திலிருந்து கூம்பகம் எழும். ஒவ்வொரு பிரதியிலும் இதைக் கையால்தான் வெட்டி ஒட்ட வேண்டும்.

ஆங்கிலத்தின் முதல் செய்யுள் துன்பியல் நாடகமாகிய கோர்போடக்கின் திருத்திய பதிப்பும் அதே ஆண்டு வாக்கில் வந்தது. முன்பு வேறொருவர் ஆசிரியர்களின் அனுமதியின்றி வெளியிட்டதைக் கண்டித்து எழுதிய முன்னுரையில், பணம் கொஞ்சமும் அறிவு நிறையவும் குறைந்த ஓர் இளைஞனிடமிருந்து அந்தப் படி அவருக்குக் கிடைத்தது என்று டே குத்தலாகக் குறிப்பிடுகிறார்.

செயிண்ட் பால் முற்றத்துக் கடை விவகாரம் என்ன?

ஆல்டர்ஸ்கேட் நகரின் ஓரம். புத்தகம் வாங்குவோர் கூடுவது செயிண்ட் பால் முற்றத்தில். விற்காத புத்தகங்கள் 2,000 முதல் 3,000 பவுண்டு மதிப்புக்கு டேயிடம் தேங்கிக் கிடக்கின்றன என்று 1572 டிசம்பரில் பார்க்கர் செசிலுக்கு எழுதினார். முற்றத்தில் சிறிய கடை ஒன்று கட்டப் பேராலயத்தாரிடம் டே குத்தகை பெற்றிருந்தார். ஈயத் தகடு வேய்ந்த தட்டைக் கூரையோடு, 40, 50 பவுண்டுச் செலவில், கடைக்கான சட்டமும் தயாராகிவிட்டது. ஆனால் மற்ற புத்தக வணிகர்கள் பொறாமையால் மேயரையும் நகர ஆட்சியாளரையும் தூண்டிவிட்டுத் தடுக்கிறார்கள் என்பது பார்க்கரின் முறையீடு. கடை பிறகு எழுந்தது.

மறு ஆண்டு இதைவிடப் பெரிய ஆபத்து வந்தது. தாமஸ் கார்ட்ரைட்டின் தடைசெய்யப்பட்ட பியூரிட்டன் (திருச்சபையை மேலும் சீர்திருத்தக் கோரிய தீவிரப் புராட்டஸ்டண்ட்) நூலை ரகசியமாக அச்சிட்ட குழுவைச் சேர்ந்த ஆஸ்ப்ளின் என்பவரை விசாரித்து விடுவித்தபின் டேயிடம் வேலைக்கு வைத்தனர். அவர் டேயையும் மனைவியையும் கொல்ல முயன்றார். கேட்டதற்கு, ஆவி தூண்டியது என்றார்.

கள்ளப் பதிப்பு வழக்குகள் எப்படி எழுந்தன?

1583இல் லண்டனில் 23 அச்சுக்கூடங்களும் 53 அச்சு இயந்திரங்களும் இருந்தன. நல்ல சரக்கெல்லாம் நான்கைந்து பேரின் தனியுரிமையில் முடங்கியிருக்க, மற்றவர்கள் நாட்டுப்பாடல் தாள்களும் கிடைத்த சில்லறை வேலைகளும் செய்து காலம் தள்ளினர். ரோஜர் வார்ட் என்பவர் டேயின் அரிச்சுவடியை 10,000 பிரதிகள் அச்சிட்டார். பிளாக்ஃபிரயர்ஸ் பகுதியில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் டேயின் முத்திரையைப் போலவே ஒன்று வெட்டச் சொல்லி அதையும் போட்டிருந்தார். 1582இல் டே நட்சத்திர மன்றம் என்னும் அரச நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குத் தொடுத்தார். விசாரணையில் வார்ட் உண்மையை ஒப்புக்கொண்டார்.

ஜான் வுல்ஃப் இதைவிடத் துணிந்தவர். மீன் வணிகர் கில்டின் உறுப்பினரான அவர், பிறருடைய தனியுரிமை நூல்களை வெளிப்படையாகவே அச்சிட்டார். உலகத்தின் மதத்தைச் சீர்திருத்த லூதர் ஒருவர் போதும் என்றால், இந்தத் தொழிலைச் சீர்திருத்தும் அந்த ஒருவன் நான்தான் என்று அவர் சொன்னதாகப் பதிவு உள்ளது. சட்டப்படி டே பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கில் விற்கும் அரிச்சுவடி ஒரே வீட்டுக்குச் சொந்தமாக இருக்க, ஏழு ஆண்டுப் பயிற்சி முடித்த தொழிலாளிக்கு வேலையே இல்லாத நிலை நியாயமா என்ற அவர்களின் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. கம்பெனியும் தள்ளவில்லை: 1583இல் வுல்ஃபையே ஸ்டேஷனராகச் சேர்த்துக்கொண்டது, 1584 ஜனவரியில் டே உள்ளிட்ட செல்வந்த உறுப்பினர்கள் தங்கள் உரிமைகளில் சில நூல்களை ஏழை உறுப்பினர்களுக்காக விட்டுக்கொடுத்தனர். அரிச்சுவடியையும் சங்கீதத்தையும் டே விடவில்லை.

மகன் ரிச்சர்டோடு ஏன் பகை ஏற்பட்டது?

ஈட்டனிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்த ரிச்சர்ட், தந்தையின் தொழிலுக்கு வந்து புரூஃப் திருத்தியும் முன்னுரை எழுதியும் உதவினார். 1577இல் அரச உரிமை தந்தை மகன் இருவர் பெயருக்கும், இருவரில் கடைசியாக இறப்பவரின் வாழ்நாள்வரை என்று புதுப்பிக்கப்பட்டது. தம் பெயரும் அதில் இருக்கிறதே என்று ரிச்சர்ட் சங்கீதத்தையும் அரிச்சுவடியையும் தனியே அச்சிடத் தொடங்கினார். 1580இல் டே கம்பெனியின் மாஸ்டர். கள்ள அச்சுக்கூடங்களைச் சோதனையிட கம்பெனிக்கு இருந்த அதிகாரத்தைத் தம் மகனின் கடைமீதே ஏவி, சரக்கையும் கருவிகளையும் கைப்பற்றினார். ரிச்சர்ட் அச்சுத் தொழிலையே விட்டுத் திருச்சபைப் பணிக்குப் போய்விட்டார். 1564, 1566, 1571, 1575 ஆண்டுகளில் வார்டனாகவும் (மாஸ்டருக்கு அடுத்த நிர்வாகப் பொறுப்பு) பின்பு மாஸ்டராகவும் இருந்து கில்டு நிர்வாகத்தை நன்கறிந்த ஒருவர், அந்த அறிவை எதற்கெல்லாம் பயன்படுத்தக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அவர் எப்போது இறந்தார்? குடும்பம் எவ்வளவு பெரியது?

1584 ஜூலை 23 அன்று எஸ்ஸெக்ஸிலுள்ள வால்டனில் இறந்தார்; இரண்டாம் மனைவி ஆலிஸின் குடும்பத்தார் வாழ்ந்த சஃபோக்கின் லிட்டில் பிராட்லி கிராமத்துக் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே சுவரில் பதித்த பித்தளைத் தகட்டில் டேயும் ஆலிஸும் எதிரெதிரே மண்டியிட்டிருக்கிறார்கள். இரு மனைவியரும் தலைக்குப் பன்னிரண்டும் பின் ஒன்றுமாகப் பிள்ளை பெற்றனர், அதாவது மொத்தம் 26 என்று கல்லறைப் பாட்டு கணக்குச் சொல்கிறது. ஃபாக்ஸின் நூல் எவ்வாறு இரத்தசாட்சிகளை ஒளிக்குக் கொண்டுவந்தது என்றும் அதில் புகழப்படுகிறது. அரிச்சுவடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவருடைய தனியுரிமைகள் பின்னர் என்ன ஆயின?

1577ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி உரிமை ரிச்சர்டுக்கே வந்தது. அச்சுக்கூடம் இல்லாத அவர், ஐந்து ஸ்டேஷனர்களை அமர்த்திக்கொண்டு அவர்கள் மூலம் அச்சிட்டு வருமானம் பெற்றார். அந்த ஐவரில் ஒருவர், டேயின் சரக்கைக் கள்ளத்தனமாக அச்சிட்டுவந்த அதே ஜான் வுல்ஃப். உரிமை கைக்கு வந்தபின் அவர் கம்பெனியின் அதிகாரியாகி, கள்ள அச்சுக்கூடங்களைத் தேடிப்பிடிக்கும் வேலையையே சுறுசுறுப்பாகச் செய்தார். 1603இல் அரசர் முதலாம் ஜேம்ஸ், சங்கீதம், அரிச்சுவடி, செபப் புத்தகம், பஞ்சாங்கம் ஆகியவற்றின் தனியுரிமையைத் தனியாட்களிடம் விடாமல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கே வழங்கினார். உறுப்பினர்கள் பங்கு வாங்கி லாபம் பிரித்துக்கொள்ளும் கூட்டு நிறுவனமாக அது நடத்தப்பட்டது. அச்சு வேலை உறுப்பினர்களிடையே பகிரப்பட்டது, வருமானத்தில் ஒரு பகுதி ஏழை உறுப்பினர்களுக்கும் கைம்பெண்களுக்கும் போயிற்று.